கை என்று சொல்லிவிட்டேன்

அம்மனிடமே பொய் சொன்னவள் நான். அதுவும் இடத்தை மாற்றி.

மார்பகப் புற்றுநோய் என்று இடப்பக்கத்தை எடுத்தார்கள். ரேடியேஷன் (கதிர்வீச்சு) கொடுத்தார்கள். நோய் போய்விட்டது என்றார்கள். பார்க்க வந்த உறவினர்களும் போனார்கள். பிறகுதான் வலி வந்தது. தொட்டால் மரத்திருக்கும், தொடாவிட்டால் எரியும்.

எங்கள் ஊர்க் கோயிலில், நோவுள்ள உறுப்பின் வெள்ளித்தகட்டை உண்டியலில் போடுவார்கள். வாசல் கடைக்காரர் தட்டை நீட்டினார்.

"எங்கனக்கா வலி?"

பக்கத்தில் நாலு பேர். "கை" என்றேன்.

"வலதா, இடதா?"

"இடது." அதில் மட்டும் உண்மை இருந்தது.

பழந்தமிழ்க் கவிதைகளை நிறையப் படித்தவள். முலை என்ற சொல் அவற்றில் மழைபோல் பெய்யும். டாக்டர் கேட்டபோதோ அவரிடமும் கை என்றே சொன்னேன். கூச்சம் பாதி; 'திரும்பி வந்துவிட்டது' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் மீதி. அவர் கைக்குப் பயிற்சி கொடுத்தார். தினமும் சுவரில் விரல்களை ஏற்றினேன். கை அற்புதமாகத் தேறியது. எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது.

தாலுகா அலுவலகத்தில், 'விவரம் தெளிவாக இல்லை' என்று மனுக்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை.

வீட்டில் இவர் "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். நாளடைவில் கேட்பதையே நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். ஒரே கூரைக்குக் கீழ், பயத்தோடு நான் மட்டும் தனியாகக் குடியிருந்தேன். இப்படி இரண்டு வருடம்.

போன மறுபரிசோதனையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு முன்னால் குருவிகுளம் பக்கத்து அம்மா ஒருவர். ஆடு மேய்ப்பவராம். நர்ஸிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"மாரு எரியுது தாயி. அறுத்த எடத்துல மொளகாயத் தேச்ச மாதிரி எரியுது. என்னன்னு பாத்துச் சொல்லு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வானமும் இடியவில்லை.

என் முறை வந்தது. "எனக்கும் அந்தம்மாவுக்கு இருக்கிற அதேதான், டாக்டர்" என்றேன். சொந்த வலியைக்கூட இரவல் வார்த்தையில்தான் சொல்ல முடிந்தது.

அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்.

"திரும்பி வரலம்மா. இது நியூரோபதிக் வலி" (வெட்டுப்பட்ட நரம்பு தானாக எழுப்பும் வலி). "மாத்திரையில குறையும். முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருசமா ஏன் சொல்லல?"

மாத்திரைச் சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது எரிச்சல் பாதி. மறு பாதி என்னோடு அலுவலகம் வருகிறது. காலை, மாலை என்ற கணக்குப் போய்விட்டது. ரவிக்கை பொறுக்கும் நேரம், பொறுக்காத நேரம் என இரண்டே பொழுதுகள். மரத்த அந்தத் தோல் யாருடையதோபோல் இருக்கிறது; எரிவது நான்தான்.

பரிசோதனை முடிந்த அன்று வீடு திரும்பியதும் இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்:

"நான் எம்மேல கோவம்னுல்லா நெனச்சேன். இத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு வருசமா நான் பாத்திரம் கழுவியிருக்க வேண்டாமேட்டி!"