வாழைநார் வைத்த பக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு வாழைநார் இருக்கிறது. விரல் நீளம், நடுவில் ஒரு முடிச்சு. காய்ந்து புகையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. குப்பை என்று நினைத்து மனைவி ஒருமுறை அதைக் கூட்டித் தள்ளப் போனாள். நான் போட்ட சத்தத்தில் இப்போது வீட்டில் யாரும் அந்த மேசைப் பக்கமே வருவதில்லை. ஒரு நாருக்கு இவ்வளவு கோபமா என்று கேட்டாள்.  பல வருடங்களாக ஒரு நோட்டுக்குள் பக்க அடையாளமாக இருந்த நார் அது. போன மாதம்தான் நோட்டை விட்டு வெளியே வந்தது.

மோகனூர் போகும் சாலையில் இருக்கிற எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் அப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லூரி நடக்கும். அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிற பெரியவர்களுக்கான வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்கப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், ஓர் அங்கன்வாடி டீச்சர், ஒரு ரேஷன் கடைக்காரர், பால் சொசைட்டியில் எழுத்தராக இருந்த நான். எங்கள் யாருக்கும் தமிழ்மேல் பாசம் பொங்கி வழியவில்லை. பட்டம் இருந்தால் எனக்குச் செயலாளர் பதவி கிடைக்கும், பி.ஏ. தமிழ்தான் இருப்பதிலேயே சுலபம் என்று எவனோ சொல்லியிருந்தான். நம்பிச் சேர்ந்துவிட்டு, முதல் புத்தகத்தைப் புரட்டிய அன்றே அவனைத் திட்டித் தீர்த்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் படிக்கவென்றே வந்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட ஒருவர்தான். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனியாக எழுதித் தேறிவிட்டு வந்திருந்தார். விடியற்காலையில் இலை பறித்துக் கட்டிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிப்பார்; அதனால் எப்போதும் வகுப்புக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான் வருவார். நகக்கண்ணில் வெற்றிலைக் கறை இருக்கும். கொடியை அகத்தி மரத்தில் கட்டுவதற்கான வாழைநார் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். அதைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, ஒரு முடிச்சுப் போட்டு, படித்த பக்கத்தில் வைத்துக்கொள்வார். "எதுக்குங்க்கா இந்த வயசுல உங்களுக்குக் காலேஜு?" என்று பட்டறைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "சும்மாதானுங்க சாமி, ஊட்டுல இருந்து என்ன பண்றது" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

கடைசி வருடத்தில் நாட்டுப்புற இலக்கியம் என்று ஒரு தாள். அதற்கான ஒப்படைப்பில் ஐந்து கேள்விகள். நான்கு புத்தகத்தில் இருந்தன. ஐந்தாவது, உங்கள் பகுதியில் வழங்கும் ஒரு பாடலை நீங்களே கேட்டு எழுதுக என்பது. எங்கள் வகுப்பில் ஒப்படைப்புக்கு ஒரு முறை உண்டு. யாராவது ஒருவர் எழுதினால் போதும். அந்த நோட்டு, பந்தியில் சோற்று வாளி போவதுபோல வரிசையாக நகரும். இதில் எங்களுக்கு வெட்கம் என்பதே கிடையாது. அந்த முறை நோட்டுக்காக நான் அக்காவிடம் போனேன். எழுதிப் பார்த்த நோட்டைத் தந்தார். நார் வைத்திருந்த பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "மத்ததெல்லாம் எழுதிக்குங்க சாமி. இதை மட்டும் எழுதாதீங்க. இது என்ற புள்ளைக்கு நான் அழுதது" என்றார். எழுத மாட்டேனுங்க்கா என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

அன்றே வீட்டில் அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஒப்பாரி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இருந்த மகள், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

பச்சையில பையெடுத்தேன் பள்ளிக்கூடம் நீ போக
பை மட்டும் தொங்குதடி பாவி நான் பெத்த மகளே

இப்படிப் பதினாறு வரிகள். எதுக்குங்க்கா காலேஜு என்று நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் அதில் இருந்தது.  தெரிந்து என்ன பயன்? எங்கள் அம்மாவிடம் ஒரு நடவுப் பாட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று வாரம் ஓடிவிட்டது. கடைசி நாள் ஞாயிறு காலை, ஒப்படைப்பை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் தாளில் ஐந்தாம் கேள்வி வெறுமையாக இருந்தது. அக்கா வர ஒரு மணி நேரம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் அந்தப் பதினாறு வரிகளையும் எழுதி முடித்தேன். பின்னாலிருந்து பட்டறைக்காரர் ஒருவர், "நோட்ட இங்க தள்ளுங்க" என்றார். தள்ளினேன். அக்கா வந்து தன் தாளைக் கொடுத்தபோது, மற்ற பதினொன்றும் உள்ளே போயிருந்தன. நோட்டை அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லி என் பையில் ஒளித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பேராசிரியர் கட்டோடு வகுப்புக்குள் வந்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் நக்கல் பேர்வழி. ஒரு தாளை உருவி, அந்த ஒப்பாரியை ராகம் போட்டுப் படித்தார். அடுத்த தாளை உருவினார். அதே பச்சைப் பை. "ஏங்க, உங்க பன்னெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மகளா? லாரிப் பட்டறைக்காரரும் நான் பெத்த மகளேன்னு அழுவுறாரே!" என்றார். வகுப்பே சிரித்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன். ஜன்னலோர பெஞ்சில் அக்கா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

"இது யாரோ ஒருத்தர் சொந்தமா எழுதினது. அவங்க எழுந்து நில்லுங்க, அவங்களுக்கு மட்டும் மார்க் போடறேன். மத்தவங்களுக்கு முட்டை" என்றார் பேராசிரியர். அக்கா எழவில்லை. நான் எழுந்து, இது இவங்களோடதுங்க என்று கை காட்டியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அது என் வாயில் வந்து நின்றது, நான் விழுங்கிவிட்டேன். பன்னிரண்டு பேருக்கும் முட்டை விழுந்தது. இடைவேளையில் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனவர், பிறகு வரவே இல்லை.

மறுபடி எழுதிக் கொடுக்க வாய்ப்புத் தந்தார்கள். பதினொரு பேரும் ஆளுக்கொரு தாலாட்டு, தெம்மாங்கு என்று பிடித்துக் கொடுத்துத் தேறிவிட்டோம். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனேன். கொடிக்காலில் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க சாமி" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.  "இந்த ஒரு பேப்பர்தானுங்க்கா, வேற பாட்டு எழுதிக் குடுத்தாப் போதும். பட்டம் வந்துரும்" என்றேன்.

"வேற பாட்டு எனக்குத் தெரியாதுங்க சாமி" என்றார்.

மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பித்தேன். கையிலிருந்த நாரைக் கிழித்துக்கொண்டே, "எழுதுனது கூடப் போச்சாதுங்க, உட்டுத்தள்ளுங்க. நீங்களுஞ் சிரிச்சீங்க. அதைப் பாத்துட்டனுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. நோட்டை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

எனக்குப் பட்டம் வந்தது, பதவியும் வந்தது. சட்டம் போட்ட பட்டம் சொசைட்டியில் என் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் நான் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு காலை, அக்கா ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒருவர் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்தபோது, பேச்சோடு பேச்சாக அக்கா இறந்துவிட்ட செய்தியைச் சொன்னார். நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் மைக் வைத்து, கூலிக்கு வந்த ஆள் யாருக்கும் பொருந்துகிற ஒப்பாரியைப் பாடிக்கொண்டிருந்தார். அக்காவின் மகன் வடக்கே போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர், அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். அம்மா கூடப் படித்தவன் என்று சொல்லி நோட்டைக் கொடுத்தேன். நார் இருந்த பக்கம் தானாகத் திறந்தது. அவர் நாரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே படித்தார். படித்து முடித்தபோது முகம் கோணிவிட்டது. "தங்கச்சி போனப்ப எனக்கு எட்டு வயசுங்க. அதுக்கப்புறம் எங்கம்மா அவளப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்லீங்க" என்றார். நோட்டை அக்காவின் தலைமாட்டில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார். "காலேஜுக்கு அத்தன ஆசையாப் போனாங்க. கடைசியில ஏனுங்க நிறுத்திட்டாங்க? உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"என்னாலதானுங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பாடையைத் தூக்கினார்கள். மேளம் ஓங்கி அடித்தது. "என்னங்க?" என்று காதருகே கையை வைத்துக்கொண்டு கேட்டார் மகன். நான் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தோள் கொடுக்க ஓடினார். நோட்டும் அக்காவோடு போனது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான், இறுக்கி மூடியிருந்த கைக்குள் இந்த நார் இருப்பதைப் பார்த்தேன்.