மெட்டி மட்டும் தெரிந்த படம்

பேராச்சிக்குத் தன் கால் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதை ஜன்னல் கம்பியில் சாத்திவிட்டுப் பாயை விரிப்பாள். தாராவியில் அந்த மாடி அறைக்குள் வெயில் வருவதே அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான். வெளிச்சம் பட்டதும் எலும்புகள் மேகம் மாதிரி மிதக்கத் தொடங்கும். விரலில் கிடக்கும் மெட்டி மட்டும் பளிச்சென்று நிற்கும். கல்யாணத்தன்று சொரிமுத்து போட்டது, பிறகு கழற்றியதே இல்லை. அது இத்தனை தெளிவாகத் தெரிகிறதே, வலி எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று யோசிக்கும்போதே கண் சொருகிவிடும்.

வலி ஒளிந்துகொண்டதுதான் அவளுடைய சங்கடம். போன மழைக்கு முந்தின மழையில் சயான் ஸ்டேஷன் படியில் கால் பிசகி விழுந்தாள். வீக்கம் வற்றியது, வலி வற்றவில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. மிஷின் பெடலை மிதிப்பது அந்த வலது கால்தான். அதையாவது உட்கார்ந்தபடி சமாளிக்கலாம். வீட்டுக்கு ஏற இரும்பு ஏணி. தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது படிக்குப் படி கணுக்காலுக்குள் ஏதோ மாட்டி மாட்டி விடுபடும். கீழே ஒரு ரூம் பாருங்கள் என்று புருஷனிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சொரிமுத்து கெட்டவன் இல்லை. குர்லாவில் லேத் பட்டறையில் வேலை, குடி கிடையாது. கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்கிற ரகம், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்து வரும்போதெல்லாம் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, பெரிய எலும்பு டாக்டர் கணக்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான்.

"ஏளா, படத்துல ஒண்ணும் தெரியல," என்பான். சாப்பிட உட்கார்ந்துவிடுவான்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பான். வலிக்கிறதா என்று மட்டும் கேட்க மாட்டான். கையில் இருக்கும் கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்று அவளுக்கு வரும். போகப் போக அவளுக்கே சந்தேகம் தட்டியது. வலி என்பதே தான் கண்ட கனவோ? கனவில் வலித்த காலை நிஜத்தில் நொண்டிக்கொண்டு திரிகிறோமோ?

பட்டறையில் பக்கத்து மிஷின் முத்துமாரி சொல்லித்தான் மாட்டுங்காவில் டாக்டர் ஹரிதாவிடம் போனாள். ஹரிதா படத்தைப் பார்க்குமுன் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மழைக்கு வீட்டில் லீக்கேஜ் உண்டா என்று கேட்டார். தாராவியில் இருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? எக்ஸ்ரே தூண் நிற்கிறதா என்றுதான் சொல்லும், சுவருக்குள் ஊறும் ஈரத்தைச் சொல்லாது என்றார். எலும்பின் மேல் வழுவழுவென்று குருத்தெலும்பு மூடியிருக்கும், அது எக்ஸ்ரேயில் விழவே விழாதாம். சோனோகிராபி என்கிற ஸ்கேன் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரைக் காட்டும், மூட்டின் நடுவுக்குள் எட்டாது. மூட்டுக்குள் ஊசியால் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தால் மேலே இருக்கும் கீறல் துல்லியமாக விழும், ஆனால் அதற்கு அடியில் எலும்புக்குள் நீர் கோத்திருந்தால் தெரியாது. எம்ஆர்ஐ இரண்டையும் காட்டும். கணுக்காலில் குருத்தெலும்பு மெலிசு என்பதால் சின்னக் கீறல் அதிலும் சில சமயம் தப்பிவிடலாம். முதலில் எம்ஆர்ஐ எடுப்போம், போதாவிட்டால் ஊசி என்று முடித்தார்.

பேராச்சி பாதிதான் கேட்டாள். எக்ஸ்ரேயில் விழவே விழாது என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது. தான் பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

செம்பூரில் எம்ஆர்ஐ. சொரிமுத்துவும் லீவு போட்டுவிட்டு வந்தான். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று அங்கே வேலை பார்க்கும் ஷைஸ்தா இந்தியில் சொன்னாள். வளையல், தோடு, ஹேர்பின் எல்லாம் பைக்குள் போயின. தாலியைக் கையில் வாங்கும்போதே சொரிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. மெட்டியை இருவருமே மறந்துபோனார்கள். அது விரலோடு விரலாகிவிட்டிருந்தது. ஷைஸ்தாதான் குனிந்து காட்டினாள்.

அந்த ஊசி போட்டு எடுக்கிற படத்துக்கு மெட்டி இருக்கலாமா என்று சொரிமுத்து மெல்ல விசாரித்தான். பாருங்கள் நியாயத்தை. ஊசி அவள் காலில், பயம் இவன் உயிருக்கு.

"நீங்க போட்டதுதான," என்றாள் பேராச்சி. "நீங்களே கழத்துங்க."

அவன் கீழே உட்கார்ந்தான். அம்மி மேல் வைத்திருந்த இந்தக் காலைக் கல்யாணத்தன்று பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான். சோப்பு நுரையைத் தடவி, கால் ஆடாமல் இருக்கக் கணுக்காலை இடது கையால் பற்றினான். மெட்டியை லேசாகத் திருகினான். அவள் சத்தம் போடவில்லை. கால்தான் அவன் உள்ளங்கைக்குள் கிடுகிடுவென்று நடுங்கியது. அவன் கையைத் தளர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"வலிக்கா?"

இந்தக் கேள்விக்கு அவள் எத்தனையோ பதில் சேர்த்து வைத்திருந்தாள்.

"ம்," என்றாள்.

மெட்டி கழன்ற இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம் இருந்தது.

கால் முன்னால் போயிற்று, தலை வெளியே. அசையக் கூடாது. காதை மூடியிருந்தும் மிஷின் டகடகவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அது பட்டறைச் சத்தமாகி, எங்கோ தூரத்து மழையாகிக் கரைந்தது. வீட்டு ஏணி தரையில் படுத்துக் கிடந்தது. அடியில் தண்ணீர். வெறுங்காலோடு அதன் மேல் அவள் நடந்து போய்க்கொண்டே இருந்தாள், ஏற வேண்டியதே இல்லை. கண்ணோரத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியதைத் துடைக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

கணுக்கால் எலும்பின் உள்மூலையில் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது, அடியில் எலும்பிலும் நீர் கோத்திருக்கிறது, ஊசி தேவையில்லை என்று ஹரிதா மறுநாள் சொன்னார்.

சாயங்காலம் சொரிமுத்து அந்தப் படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"இந்தப் படத்துலயும் எனக்கு ஒண்ணும் தெரியல," என்றான்.

பேராச்சியின் கை கரண்டியைத் தேடியது.

அவன் படத்தைச் சுருட்டி உறைக்குள் போட்டான். "கீழ ரூம் சொல்லியிருக்கேன். நம்ம ஊர்க்கார கணேசபாண்டியன் வீட்டுக்குப் பின்னால. நாளைக்குச் சாமான எறக்கிருவோம்."

"எப்பச் சொன்னீங்க?"

"நேத்து. நீ மிஷினுக்குள்ள கெடந்தப்ப."