இலவசச் சட்ட உதவி மையத்தில் என் அண்ணி

அந்தச் சட்டக் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் 'நீதிக்காக ஒருவர் கண்ட கனவு' என்று வரலாறு போட்டிருக்கும். கனவாவது மண்ணாங்கட்டியாவது! அது முன்னே மீன் கிடங்கு. முதலாளி வழக்கு மேல் வழக்காக நடத்தி, வக்கீல்களுக்குக் கொட்டிக் கொடுத்து அலுத்துப்போய், வக்கீல்களையே உற்பத்தி செய்தால் என்ன என்று ஆரம்பித்தது. மழை பெய்தால் இன்றைக்கும் நூலகத்தில் மீன் நாறும்.

நான் முன் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஒப்பிக்கிறவள். ஐந்து வருஷப் படிப்பு, மூன்று வருஷப் படிப்பு, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு, சனி ஞாயிறில் மனித உரிமை டிப்ளமோ. கடைசியாக, ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி மையம். இதைச் சொல்லும்போது எனக்கே குமட்டும். அந்த அறை, கல்லூரிக்குத் தரம் போட ஆய்வுக்குழு வருகிற அன்றைக்கு மட்டும்தான் திறக்கும்.

ஏழைக்கு எங்கே போவது? அதற்குத்தான் என் அண்ணி. கிடங்குக் காலத்தில் என் அண்ணன் அங்கே காவலாளி. "இது உனக்குத்தான்டா" என்று முதலாளி வாய் நிறையச் சொல்லிக் கொடுத்த மதிலோரத்து இரண்டு அறையில்தான் குடித்தனம். முன்னறையில் மெஷின் போட்டு, பிள்ளைகளுக்குக் கருப்பு அங்கி தைத்துக் கொடுப்பாள் அண்ணி. ஆய்வு என்றால் நல்ல சேலையை மாற்றிவிட்டுப் பழசைக் கட்டிக்கொண்டு வந்து, புருஷன் அடிக்கிறான் என்று அழ வேண்டும். அண்ணன் ஈயைக்கூட விரட்டாத மனுஷன். "இந்தத் தடவையாவது கொஞ்சம் மெதுவா அடிச்சேன்னு சொல்லேன்" என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் புதுக் கட்டடம் வரப்போகிறதாம். எதற்கு? மனித உரிமை மையத்துக்கு. த்தூ!

"அண்ணி, இந்தத் தடவை வராதீங்க" என்றேன்.

"வருவேன். பெரிய மனுஷங்க முன்னாடி பேச வேற எப்ப வாய்க்கும்?" என்றாள்.

ஆய்வுக்குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பக்கத்தில் முதலாளியும் கல்லூரி முதல்வரும். அண்ணி தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த மாணவி, "என்னம்மா பிரச்சினை?" என்றாள்.

"இந்தக் காலேஜ்தாம்மா பிரச்சினை. இவரே குடுத்த வீட்டை இவரே இடிக்கப் போறாரு. நாங்க எங்க போவோம்?" அழுதுகொண்டே முதலாளியை நேராகக் கைகாட்டிவிட்டாள்.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "போன தடவை புருஷன் அடிக்கிறான்னு அழுதது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க. அது பொய்ங்க, இவங்க சொல்லச் சொன்னது. இதுதாங்க நிஜம்."

அவர் விழித்தார். முதல்வர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் பயிற்சிதாங்கய்யா. பசங்களுக்குக் கஷ்டமான வழக்கா இருக்கட்டும்னு..." என்று இழுத்தார்.

"அடடா! சொந்தக் கல்லூரியையே எதிர்த்தரப்பா வைக்க ஒரு மனசு வேணும்!" நீதிபதி கைதட்டினார். முதலாளி கைகூப்பினார். எல்லாரும் தட்டினார்கள், அந்த மாணவி உட்பட.

"ஐயா, அவங்க சொல்றது சத்தியம்!" என்று நான் வாசலிலிருந்து கத்தினேன்.

"இந்தம்மாவும் நல்லாத்தான் பண்றாங்க" என்று நீதிபதி சிரித்தார்.

மறுநாள் என் நாற்காலியில் வேறொருத்தி. கல்லூரிக்கு முதல் தரம். கொஞ்ச நாளில் இடிக்கிற வண்டியும் வந்து நின்றது. அண்ணன் மெஷினைத் தூக்கித் தெருவில் வைத்துக்கொண்டிருந்தான். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சட்ட உதவி மையத்துக்கு ஓடினாள். யாராவது ஒருத்தர் இருந்தால் போதும், மனு எழுதிக் கொடுக்கட்டும் என்று.

பூட்டியிருந்தது. கதவில் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்குக் கையை நீட்டி அழுதுகொண்டிருந்த அண்ணி. கீழே 'எளியோரின் குரல் இங்கே கேட்கப்படும்.' காறித் துப்ப வாய் வரை வந்தது, அவள் முகம் இருக்கிறதே என்று விழுங்கினேன்.

அண்ணி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி, நான் அழுறது நடிப்பு மாதிரியாடி இருக்கு?" என்றாள்.