பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிச் சோதனைகள்

கொரியாவில், பூசான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மீன்கேக் ஆலையில் பியோ ஓக்சிம் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். மீனை அரைப்பதோ பொரிப்பதோ அவள் வேலையில்லை. பொட்டலங்கள் போகும் பெல்ட்டின் குறுக்கே உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மிஷின் ஒன்று நிற்கும். அது விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

மணிக்கொரு தடவை மூன்று பிளாஸ்டிக் குச்சிகளோடு வருவாள். ஒன்றில் கடுகளவு இரும்பு, ஒன்றில் பித்தளை, ஒன்றில் எவர்சில்வர். வெறும் பெல்ட்டில் குச்சியை விட்டால் எந்த மிஷினும் கத்தும். அது பெரிய விஷயமில்லை. உப்பும் ஈரமுமான மீன்கேக்கே மிஷினைக் குழப்பும் என்பதால், குச்சியைப் பொட்டலத்தின் மேல் வைத்து மிஷின் வாயின் நட்டநடுவே அனுப்ப வேண்டும். கத்தினால் மட்டும் போதாது, அந்தப் பொட்டலம் பூட்டிய பெட்டிக்குள் தள்ளப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் தாளில் டிக், கையெழுத்து. ஒரு சோதனை தவறினால், கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பின்னால் போன சரக்கு முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து நிமிஷம் பெல்ட் நிற்கும். அதனால் அவளை யாருக்கும் பிடிக்காது. பொட்டலம் கட்டும் போக்ரே, “வந்துட்டாங்கடி மாமியா, குச்சியோட” என்று அவள் காதுபடவே சொல்வாள். பெல்ட்டோரம் நிற்கும் நாற்பது பெண்களும் சிரிப்பார்கள். ஓக்சிம் காதில் விழாத மாதிரி நிற்பாள். விழாமல் என்ன.

எல்லோரும் சொந்த ஊர் போகும் சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முதல் நாள். ஒன்பது மணிச் சோதனை தேறியது. ஒன்பதரைக்கு மெல்லிய மீன்கேக்கை நிறுத்தி, பரிசுப் பெட்டிக்கான தடிமன் வகையை ஓட விட்டார்கள். பத்து மணிக்கு அவள் குச்சியோடு வந்தபோது போக்ரே கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ரெண்டு மணி ரயில விட்டா வேற டிக்கெட் கெடையாது. எங்கம்மா மூணு வருஷமா என் மூஞ்சியப் பாக்கல. இன்னிக்கு ஒரு நாள் அந்தக் குச்சிய ஜோபியில வச்சுக்கோங்களேன்.”

“சரக்கு மாத்தியிருக்காங்கடி. பாக்காம விடக் கூடாது.”

“காலைலதான பாத்தீங்க? ஒரு மணி நேரத்துல மிஷினு கெட்டுப்போக அது என்ன மீனா?”

எல்லோரும் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஓக்சிம்மும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மாமியாராக இருந்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு நாளாவது இவர்களுக்குப் பிடித்தவளாக இருக்கலாமே என்று ஆசைப்பட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். பத்து மணிக் கட்டத்தில் டிக் போட்டாள். பதினொன்றுக்கும் போட்டாள். பன்னிரண்டுக்குப் போடும்போது கை கூசவே இல்லை.

ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் கடைசிச் சோதனை. எவர்சில்வர் குச்சி பொட்டலத்தோடு உள்ளே போய் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் அப்படியே. தடிமன் சரக்குக்கு ஏற்ற மாதிரி மிஷினை யாரும் திருத்தியிருக்கவில்லை. அதே நேரம், நறுக்கும் மிஷினைக் கழுவியவள் ஒரு எவர்சில்வர் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள். அதன் முனையில் அரிசியளவு துண்டைக் காணோம்.

தாளின்படி ஒரு மணி நேரச் சரக்கைத்தான் நிறுத்த வேண்டும். மிஷினைத் திருத்தி அதைத் திரும்ப ஓட்டினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. மற்றதெல்லாம் பன்னிரண்டு மணி லாரியில் சியோலுக்குப் போய்விட்டது.

“ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா, விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போக்ரே ரயிலுக்கு ஓடினாள்.

ஓக்சிம் மேனேஜர் மா-வின் அறைக்குப் போனாள்.

“சார், பத்து, பதினொன்னு, பன்னெண்டு, மூணும் நான் பண்ணல. சும்மா டிக் போட்டேன். லாரியத் திருப்பச் சொல்லுங்க.”

அவர் தாளை வாங்கிக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். “இது உங்க கையெழுத்துதானம்மா?”

“ஆமா சார்.”

“பத்தொம்பது வருஷத் தாளும் இந்த அலமாரியில இருக்கு. சோதன பண்ண வர்றவங்களுக்கு உங்க தாளத்தான் எடுத்துக் காட்டுவேன். இந்த மூணு பொய்னா மிச்சத்த எவன் நம்புவான்? நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. வீட்டுக்குப் போங்க.”

“ஏதாவது கொழந்த முழுங்கிட்டா சார்?”

“தாள்ல எல்லாம் சரியா இருக்கும்மா.”

எல்லோருக்கும் கொடுக்கிற பண்டிகைப் பெட்டியை அவளுக்கும் இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். காலையில் ஓடிய அதே தடிமன் சரக்கு, லாரியில் ஏற்றும் முன்பே எடுத்து வைத்தது. பத்தொன்பது வருஷ நேர்மைதான் அன்றைக்கு அவள் வாயை அடைத்தது. ஒழுங்காக ஒரு பொய்க்காரியாக இருந்திருந்தால் அவளை நம்பியிருப்பார்கள்.

உணவுத் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பண்டிகை விடுமுறை, வியாழக்கிழமை அழைக்கவும் என்றது பதிவுக் குரல். வியாழனுக்குள் ஊரே தின்று முடித்திருக்கும்.

மறுநாள் காலை, பக்கத்து வீடுகளில் முன்னோருக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓக்சிம் பெட்டியைப் பிரித்தாள். இருபத்துநாலு துண்டு. அந்த எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது. தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க விரலை அவள் நம்பவில்லை. கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொன்றாக வாயில் போட்டு நிதானமாக மென்றாள். அந்தக் கத்தி முனை இந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும், தன் பல்லே உடையட்டும் என்று முன்னோரையெல்லாம் வேண்டிக்கொண்டாள். பாதியில் குமட்டியது. தாடை வலித்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மென்றாள்.

மத்தியானத்துக்குள் கடைசித் துண்டையும் விழுங்கினாள். பல் ஒன்றும் உடையவில்லை.