நார்வேக்கு ஃபிளாக் வைத்தவர்

டில்லி புசா ரோடு நூலகத்தில் நார்வே பற்றிய பயண வழிகாட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மாதக்கணக்காகத் தன்னிடமே வைத்திருந்தவரை, மறுபடி புதுப்பிக்க வந்த அன்று கவுண்டரில் பிடித்தேன். மடிப்புக் கலையாத சட்டை, முகத்தில் மத்திய சர்க்கார் களை. ஆபீஸ் ஃபைலுக்கு ஃபிளாக் வைப்பதுபோல், ஏ, பி, சி என்று எழுதிய துண்டுச் சீட்டுகளைப் பக்கத்துக்குப் பக்கம் செருகியிருந்தார்.

“அடுத்த வாரம் எனக்கு ஃபிளைட் சார். நாலு மாசமா இதுக்குக் காத்திருக்கேன்!” என் குரல் உயர்ந்துவிட்டது.

“ஆராம்சே, மெதுவா பேசுங்கோ. நார்வே சரித்திரப் புஸ்தகம் இருக்கே, அதை எடுத்துண்டு போங்கோ.”

“நீங்க எப்போ போறீங்க?”

அவர் புத்தகத்தை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

“பொண்ணு ஆஸ்லோல இருக்கா. ஏர்போர்ட்லேர்ந்து அவ தெருவுக்கு எந்த பஸ்னு பார்த்து வெச்சுட்டேன். ஆபீஸ்ல பர்மிஷனும் வாங்கியாச்சு.”

“டிக்கெட்?”

“அவ கல்யாணத்துக்கு நான் போகலை. வாங்கோன்னு அவ இன்னும் சொல்லலை.”

சரித்திரப் புத்தகத்தோடு வந்துவிட்டேன். ஆஸ்லோ விமான நிலையத்தில் எந்த பஸ் என்று தெரியாமல் விழித்தபடி நின்றேன். டில்லியில் ஒருவருக்கு அது மனப்பாடம்.