ஆறுமணிக் குருவி போன சாயங்காலம்

ஆரப்பாளையத்துக்கு மேற்கே ஒரு மாதா கோயிலில் மணி அடித்துவந்தவர் இன்னாசிமுத்து. கார்த்திகையில் கோயில் கடிகாரம் நின்றுபோனது. அவர் சாமியாரிடம் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் ஐப்பசியிலேயே ஓர் ஆறுமணிக் குருவி வந்து தங்கியிருந்தது. அந்தியில் அது கூவியதும் போய்க் கயிற்றை இழுப்பார். செபமணி ஒரு நாளும் தவறவில்லை.

சித்திரையில் ஒரு நாள் கொடுக்காப்புளி மரத்தடியில் வழக்கம்போலக் காத்திருந்தார். தவிட்டுக் குருவிகள் சண்டை போட்டு அடங்கின. கிளிகள் ஆற்றுப் பக்கம் போயின. வெளிச்சம் மெல்லக் கரைந்தது. சருகுக்குள் பச்சையும் நீலமுமாக எதுவும் தத்தவில்லை.

"இன்னும் அடிக்கலையா? மணி அடிச்சாத்தான தோட்டத்துச் சனம் கரையேறும்?" என்று மனைவி சூசையம்மாள் வந்து நின்றாள்.

"குருவி கூவட்டும்."

"அது வெயிலுக்குப் பயந்து வடக்க போயிருக்கும். வருசா வருசம் போறதுதான? உங்ககிட்டச் சொல்லிட்டா போகும்?"

அவர் ஓடிப்போய் மணி அடித்தபோது வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது.

மறுநாள் சாமியாரிடம் உண்மையைச் சொன்னார். கடிகாரம் பழுது பார்க்கப்பட்டது. ஆனாலும் முள் ஆறைத் தொட்ட பிறகு, கயிற்றைப் பிடித்தபடி கொல்லைப் பக்கம் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். அந்தக் கோடை முழுவதும் மணி சற்றுத் தாமதமாகவே ஒலித்தது.