வழி மட்டும் கேட்டால் விடலாமா?

கேட்டதைக் கொடுத்து அமைதியை வாங்குவது புத்திசாலித்தனமா, பயமா? ஒரு வாரமாக யோசிக்கிறேன். பதில் கிடைத்தபாடில்லை.

வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருப்பது கீழ்க்கட்டு. மாடியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார், யாரும் இல்லை. மாடிப்படி இறங்கி வந்து முடியும் கதவு எங்கள் படுக்கை அறையில் இருக்கிறது. தாழ்ப்பாள் எங்கள் பக்கம். அதுதான் எனக்கு இருந்த தைரியம்.

இவர் கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போனபிறகு, என் பெண் பட்டு அந்தக் கதவடியில் உட்கார்ந்துதான் விளையாடுவாள். நாலு வயது. போன மாதம் ஒரு மத்தியானம் வந்து சொன்னாள்.

"அம்மா, மாசிக்குப் பால் வேணுமாம்."

அம்மாவின் தங்கையை வங்காளிகள் மாசி என்பார்கள். எந்த மாசி என்று கேட்டேன். கதவைக் காட்டினாள்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். படித்தவள்தானே நான்? ஆனால், குழந்தை இருக்கிற வீடு... மறுத்தால் ஏதாவது ஆகிவிட்டால்? சின்னத் தட்டில் பாலை ஊற்றிக் கதவின் அடியிடுக்கில் தள்ளினேன். சாயங்காலம் தட்டு எங்கள் பக்கம் இருந்தது. காலியாக. பூனை குடித்திருக்கும், சரி. தட்டைத் திருப்பித் தள்ளுமா? பட்டுதான் இழுத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்து, துணிப் பொம்மை வேண்டுமாம். அதற்கடுத்து பட்டுவின் வளையல் ஒன்று. ஒவ்வொரு தடவையும், இதோடு சரி என்றுதான் கொடுத்தேன்.

போன வாரம், காலைச் சாப்பாட்டின்போது இவர் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பாத்தியோடி? ஜெர்மனி பெல்ஜியத்தைக் கேட்டானாம். உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன், என் பட்டாளம் போக வழி மட்டும் விடுன்னு. முடியாதுன்னுட்டான் சின்னவன்."

"விட்டிருந்தா சண்டை வந்திருக்காதோன்னோ?"

"அதுக்குப் பேரு தாஜா பண்றது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கப்படாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிண்டு பேசறதுதான் ராஜதந்திரம்."

"உங்க துரை கூப்பிட்டா ஞாயித்துக்கிழமைகூட ஓடறேளே. அது எதுல சேத்தி?"

"மோர் விடு" என்றார்.

அன்று மத்தியானம் பட்டு வந்தாள். "மாசிக்கு இனிமே ஒண்ணும் வேண்டாமாம்."

அப்பாடா என்றிருந்தது. அவள் முடிக்கவில்லை.

"தெருவுக்குப் போகணுமாம். நம்ம ரூம் வழியா. வழி மட்டும் விட்டாப் போறுமாம்."

காலையில் நாங்கள் பேசும்போது பட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான்தான் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. ஊதி நின்றபிறகு, வீட்டில் அப்படி ஒரு நிசப்தம். பார்த்தால் — என் கை தாழ்ப்பாளின்மேல் இருக்கிறது. எப்போது போனது? தெரியாது.

கையை இழுத்துக்கொண்டேன். கதவைப் பார்த்து, வங்காளியில், சத்தமாகச் சொன்னேன்: "பால் தினமும் வைக்கிறேன். வழி கிடையாது. இங்கே என் குழந்தை படுக்கிறது."

அதுதான் ராஜதந்திரம் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். பால், பொம்மை, வளையல் எல்லாம் கொடுத்துப் பழக்கியபிறகு வந்த ராஜதந்திரம்! முதல் தட்டிலேயே இதைச் சொல்லியிருந்தால் அடுத்ததைக் கேட்டிருக்குமா? தேசங்களும் இப்படித்தானோ — கடைசியில் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைத் தள்ளிப்போடத்தான் மற்றதையெல்லாம் கொடுக்கிறார்களோ?

சொன்னபடி வைத்த பால் சாயங்காலம் அப்படியே இருந்தது. பக்கத்தில் பொம்மையும் வளையலும் — எங்கள் பக்கம்.

இவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பொதுவாகத்தான் கேட்டேன்: "ஒரு ராஜா, வாங்கிண்டதையெல்லாம் திருப்பி அனுப்பினா என்ன அர்த்தம்?"

"பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அந்தப் பேப்பரில், முடியாது என்று சொன்ன அந்தச் சின்ன தேசம் எரிந்துகொண்டிருந்தது.

மறுத்தது சரிதான். சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

குழந்தை வளர்க்கும் வாசகிகளே, சொல்லுங்கள். மறுபடியும் பால் வைக்கட்டுமா, வேண்டாமா? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். தாழ்ப்பாள் பட்டுவுக்கு எட்டாது. முக்காலியையும் பரண்மேல் போட்டுவிட்டேன்.

காலையிலிருந்து அவள் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.